அழைத்தவர் யார்?

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. இயற்பியல்)

விஞ்ஞானம் இருபுறமும் கூருள்ள வாள் என்று மேடைதோறும் கேட்டு வருகிறோம். கேட்டுக் கேட்டுப் பழகிப்போனதால் அந்த வாள் நம் சட்டைப் பையிலேயே இருப்பதை மறந்துவிட்டோம். 1973ஆம் ஆண்டு ஏப்ரல் 3ஆம் நாள் நியூயார்க் நகரத் தெருவில் நின்றபடி மார்ட்டின் கூப்பர் என்ற பொறியாளர் உலகின் முதல் கைப்பேசி அழைப்பைச் செய்தார். நம் நாட்டில் 1995 ஜூலை 31 அன்று கல்கத்தாவிலிருந்து மேற்கு வங்க முதலமைச்சர் ஜோதிபாசு டில்லிக்குப் பேசியதே முதல் அழைப்பு. அன்று அமைச்சர்களுக்கு மட்டுமே கிட்டிய கருவி இன்று ஆடு மேய்ப்பவர் இடுப்பிலும் இருக்கிறது. இதை நான் குறையாகச் சொல்லவில்லை. எங்களைப் போன்ற சிற்றூர்க்காரர்களுக்கு அது பெரும் வரம். ஆனால் வரத்தை எங்கே, எப்போது பயன்படுத்துவது என்று அறியாதவனுக்கு வரமே சாபமாகிவிடும் அன்றோ?

நம் கல்லூரி வாயிலில் மாலை நான்கு மணிக்குச் சற்று நின்று பாருங்கள். தலையை ஒருபுறம் சாய்த்து, காதுக்கும் தோளுக்கும் இடையே கைப்பேசியை இடுக்கிக்கொண்டு பைக்கில் போகிறவர் ஒருவர். தலைக்கவசத்துக்குள்ளேயே அதைச் செருகிக்கொண்டு, "சட்டத்தையும் மதித்தேன், பேச்சையும் விடவில்லை" என்பதுபோல் பெருமிதத்தோடு போகிறவர் இன்னொருவர். ஒரு கையால் ஸ்டீயரிங்கைப் பிடித்து, மறு கையால் செய்தி தட்டிக்கொண்டே காரில் வருகிறவர் மற்றொருவர். இவர்களைக் கண்டால் நாம் என்ன சொல்கிறோம்? "பொறுப்பில்லாத மனிதன்" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறோம். நானும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். ஆனால் ஒரு நாள் அந்தச் சொல் என்னை நோக்கியே திரும்பிவிட்டது.

இக்கல்லூரியில் சேர்க்கைக் கலந்தாய்வு நடந்த நாள் அது. எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியை மிதித்த முதல் ஆள் நான். இயற்பியலில் இடம் கிடைத்ததும் வீட்டுக்குச் சொல்லக் கை துடித்தது. அப்பாவிடம் கைப்பேசி இல்லை. சித்தப்பாவை அழைத்தேன். அவர் வீடுவீடாகப் பால் சேர்த்துக் கேன்களைப் பைக்கில் கட்டிக்கொண்டு சொசைட்டிக்குப் போய் வருபவர். இரண்டாவது மணியிலேயே எடுத்துவிட்டார். காற்றின் இரைச்சல் கேட்டது. வண்டியின் சத்தம் கேட்டது. கேன்கள் ஒன்றோடொன்று மோதும் ஓசையும் கேட்டது. அவர் சாலையில் ஓடிக்கொண்டிருக்கிறார் என்பது எனக்கு நன்றாகவே தெரிந்தது. தெரிந்தும், "சித்தப்பா, சீட் கெடைச்சிருச்சுங்க!" என்று தொடங்கிவிட்டேன். "நெசமாவா கண்ணு!" என்று அவர் கூவிய குரலில் இருந்த மகிழ்ச்சியை இன்றைக்கும் என் காது மறக்கவில்லை. எந்தப் பாடம், எவ்வளவு பணம் கட்டினேன், விடுதி உண்டா என்று அவர் கேட்டுக்கொண்டே வந்தார். நானும் சொல்லிக்கொண்டே போனேன். பிறகு கேட்டது பேச்சல்ல. தார்ச் சாலையில் பால் கேன்கள் உருளும் சத்தம்.

சாலையோரம் தேங்காய் மட்டை ஏற்றிய டிராக்டர் ஒன்று நின்றிருந்தது. பட்டப்பகல். வளைவில்லாத நேர்சாலை. இருபது ஆண்டுகளாக அவர் போய்வந்த தடம். கண் திறந்துதான் இருந்தது. ஆனால் மனம் என்னோடு கல்லூரி வளாகத்தில் உலவிக்கொண்டிருந்தது. வலது தொடை எலும்பு முறிந்தது. ஆறு மாதம் படுக்கை. பால் வியாபாரம் கைமாறிப் போயிற்று. இப்போது அவர் நடக்கும்போது வலது கால் சற்று இழுக்கிறது.

"வண்டி ஓட்டும்போது இவருக்குப் பேச்சு எதற்கு?" என்று ஊர் அவரைத்தான் ஏசியது. அவர் என்னை ஒரு சொல்லும் சொல்லவில்லை. ஆனால் எனக்குள் ஒரு கேள்வி எழுந்தது. இன்றுவரை அது அடங்கவில்லை. எடுத்தவர் அவர், அழைத்தவர் யார்?

நிற்க. உணர்ச்சியை ஒதுக்கி வைத்துவிட்டு, வகுப்பறையில் கற்ற கணக்கைச் சற்றுப் பார்ப்போம். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகம் என்பது நொடிக்கு ஏறக்குறைய 17 மீட்டர். யார் அழைக்கிறார்கள் என்று திரையைப் பார்க்க மூன்று நொடி ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த மூன்று நொடியில் வண்டி 50 மீட்டர் ஓடிவிடும். நம் விளையாட்டுத் திடலின் நூறு மீட்டர் ஓட்டத்தில் பாதித் தூரத்தைக் கண்ணை மூடிக்கொண்டு ஓடச் சொன்னால் ஓடுவோமா? பிறகு ஆபத்தைக் கண்டு பிரேக்கை மிதிக்க ஒரு நொடி. அதற்குள் மேலும் 17 மீட்டர். நல்ல உலர்ந்த சாலையிலும் வண்டி முழுதாக நிற்க இன்னும் 20 மீட்டர் வேண்டும்.

சித்தப்பாவின் வேகம் நாற்பதுக்கு மேல் இருந்திராது. நாற்பது என்றால் மெதுவான வேகம் என்று எண்ணுகிறோம். மேலிருந்து விழும் பொருளின் சமன்பாட்டில் அந்த வேகத்தை இட்டுப் பாருங்கள். அசையாத ஒரு பொருளின்மேல் நாற்பது கிலோமீட்டர் வேகத்தில் மோதுவது, ஆறு மீட்டருக்கும் மேலான உயரத்திலிருந்து தரையில் விழுவதற்குச் சமம். அறுபதில் மோதினால் பதினான்கு மீட்டர். அதாவது நான்கு மாடிக் கட்டடத்தின் உச்சி. மொட்டை மாடியின் கைப்பிடிச் சுவர்மேல் நடந்துகொண்டு யாரும் பேசுவதில்லை. சாலையில் மட்டும் பேசுகிறோம். காரணம், வேகத்துக்குள் ஒளிந்திருக்கும் உயரம் நம் கண்ணுக்குத் தெரிவதில்லை.

இனி நாட்டுக் கணக்குக்கு வருவோம். மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கைப்படி 2022ஆம் ஆண்டில் இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அவ்வாண்டு நாட்டிலேயே அதிக விபத்துகள் நடந்த மாநிலம் நம் தமிழ்நாடு. 64,105 விபத்துகள், 17,884 உயிர்கள். அதற்கு முந்திய 2021ஆம் ஆண்டில் கைப்பேசிப் பயன்பாட்டால் நேர்ந்தவை என்று பதிவானவை 1,997 விபத்துகள். அவற்றில் மாண்டவர்கள் 1,040 பேர். "இவ்வளவுதானா?" என்று சிலர் கேட்கக்கூடும். எண்ணிப் பாருங்கள். மூச்சில் மதுவின் வாடையைக் காட்டக் கருவி இருக்கிறது. மனம் எங்கே இருந்தது என்று காட்டும் கருவி ஏது? இறந்தவர் சொல்லப் போவதில்லை. பிழைத்தவரும் சொல்லத் துணிவதில்லை. சித்தப்பாவின் விபத்தும் "நின்றிருந்த டிராக்டர்மீது மோதியது" என்றுதான் எழுதப்பட்டது. அதில் கைப்பேசியும் இல்லை, நானும் இல்லை.

சட்டம் இல்லாமல் இல்லை. 2019ஆம் ஆண்டின் மோட்டார் வாகனத் திருத்தச் சட்டம், வண்டி ஓட்டும்போது கைப்பேசியைக் கையில் பிடித்துப் பயன்படுத்துவதை ஆபத்தான முறையில் ஓட்டும் குற்றமாக வகைப்படுத்தியிருக்கிறது. முதல் முறை ஆயிரம் முதல் ஐயாயிரம் ரூபாய் வரை அபராதமோ, ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். நல்ல சட்டம்தான். ஆனால் அதைப் படித்த நம்மவர்கள் வேறொரு முடிவுக்கு வந்துவிட்டார்கள். "கையில் பிடித்தால்தானே குற்றம்? காதில் மாட்டிக்கொண்டால் தீர்ந்தது" என்கிறார்கள். இங்கேதான் நாம் ஏமாந்து போகிறோம்.

கனடா நாட்டு டொராண்டோவில் விபத்தில் சிக்கிய 699 ஓட்டுநர்களின் தொலைபேசிப் பதிவுகளை ரெடல்மெயர், டிப்ஷிரானி என்னும் இரு ஆய்வாளர்கள் ஆராய்ந்து 1997இல் முடிவை வெளியிட்டார்கள். பேசும்போது விபத்து நேரும் வாய்ப்பு ஏறக்குறைய நான்கு மடங்கு. கையில் பிடிக்காமல் பேசும் கருவியால் கூடுதல் பாதுகாப்பு எதுவும் அந்த ஆய்வில் தென்படவில்லை. ஏன்? கை விடுபட்டாலும் மனம் விடுபடுவதில்லை. கண் டிராக்டரைப் பார்க்கும். மனம் அதைப் பதிந்துகொள்ளாது. சித்தப்பா இன்றும் சொல்வது இதைத்தான்: "டிராக்டர் எங்கிருந்து வந்துச்சுன்னே தெரியல." அது எங்கிருந்தும் வரவில்லை. நின்ற இடத்தில்தான் நின்றுகொண்டிருந்தது.

"பின்னால் உட்கார்ந்திருப்பவரோடு பேசவில்லையா? அதுவும் பேச்சுத்தானே?" என்று என் வகுப்புத் தோழர் ஒருவர் வாதிட்டார். நல்ல கேள்வி. உடன் வருபவர் நம்மோடு சாலையையும் பார்க்கிறார். எதிரே பேருந்து வந்தால் தானாகவே பேச்சை நிறுத்துகிறார். "பார்த்து, பார்த்து!" என்று எச்சரிக்கவும் செய்கிறார். தொலைவிலிருந்து அழைப்பவருக்கோ சாலை தெரியாது. பேருந்து நெருங்கும் அதே நொடியில்தான் அவர், "என்ன சத்தத்தையே காணோம்?" என்று கேட்பார். நாமும் பதில் சொல்வோம்.

2013 ஜூலை 24 அன்று ஸ்பெயின் நாட்டில் சாந்தியாகோ நகருக்கு அருகே ஓர் இரயில், மணிக்கு 80 கிலோமீட்டரில் செல்ல வேண்டிய வளைவில் 179 கிலோமீட்டர் வேகத்தில் நுழைந்து கவிழ்ந்தது. ஏறக்குறைய 80 பேர் மாண்டனர். அங்கே வேகத்தைத் தானே குறைக்கும் ஏற்பாடு இல்லாததும் ஒரு காரணம் என்பது உண்மை. ஆயினும் வளைவு வருவதற்குச் சற்று முன்புவரை ஓட்டுநர் தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்தார். அழைத்தவர் அதே இரயிலின் பரிசோதகர். பேசியதோ அலுவலகப் பேச்சு. வீண் அரட்டை இல்லை. கெட்ட எண்ணம் இல்லை. நல்ல செய்தியானால் என்ன, கடமையானால் என்ன, தவறான நொடியில் வந்தால் ஆபத்து ஒன்றுதான்.

ஆகவே, ஓட்டுபவரை மட்டும் திட்டித் தீர்ப்பதில் பயனில்லை என்பது என் கருத்து. அவர் ஏன் எடுக்கிறார்? எடுக்காவிட்டால் வீட்டில் பதறுவார்கள். எடுக்காவிட்டால் முதலாளி கடிந்துகொள்வார். உணவு கொண்டுவரும் இளைஞர் எடுக்காவிட்டால், "எங்கே இருக்கிறாய்?" என்று மீண்டும் மீண்டும் அழைப்போம். அவர்களுள் நம் கல்லூரியிலேயே பகலில் படித்து இரவில் வண்டி ஓட்டும் நண்பர்களும் இருக்கிறார்கள் என்பதை மறக்க வேண்டாம். வண்டி ஓட்டுபவருக்கு, "எடுக்காதே" என்று சட்டம் சொல்கிறது. அழைப்பவருக்கு, "பேசாதே" என்று சொல்ல எந்தச் சட்டமும் இல்லை. அதை நம் மனச்சாட்சிதான் சொல்ல வேண்டும்.

"அவசரம் என்றால் என்ன செய்வது?" என்பார்கள். அவசரம் என்றால் வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டுப் பேசலாமே! அந்த இரண்டு நிமிடத்தைக்கூடப் பொறுக்க முடியாத செய்தி நம் வாழ்நாளில் எத்தனை முறை வந்திருக்கிறது? என் கல்லூரி இடம் அந்த இரண்டு நிமிடத்தில் ஓடிப் போயிருக்குமா?

வள்ளுவர் பொச்சாவாமை என்று ஓர் அதிகாரமே வகுத்திருக்கிறார். மகிழ்ச்சி மிகுதியில் கடமையை மறந்துவிடும் சோர்வு கூடாது என்பது அதன் உட்பொருள். அவர் காலத்தில் மோட்டார் வண்டியும் இல்லை, கைப்பேசியும் இல்லை. ஆயினும் மனித மனத்தை அவர் அறிந்திருந்தார். சித்தப்பா சோர்ந்தது துயரத்தால் அன்று, மகிழ்ச்சியால்தான்.

மாணவ நண்பர்களே! பெரிய போராட்டம் எதற்கும் நான் உங்களை அழைக்கவில்லை. மூன்று சிறு பழக்கங்கள் போதும். வண்டியை எடுக்கும் முன் கைப்பேசியின் ஒலியை அடக்கிப் பைக்குள் வைப்போம். யாரை அழைத்தாலும் முதற்சொல்லாக, "வண்டியிலா இருக்கிறீர்கள்?" என்று கேட்போம். "ஆம்" என்று பதில் வந்தால், அல்லது காற்றின் இரைச்சல் கேட்டால், "பிறகு பேசுகிறேன்" என்று அடுத்த நொடியே துண்டிப்போம். அதை யாரும் மரியாதைக் குறைவாகக் கருத வேண்டாம். அதைவிடப் பெரிய அன்பு இல்லை. வீட்டில் படிக்காத பெற்றோர் இருந்தால், நாம் எடுக்காதபோது பதற வேண்டாம், வண்டியில் வருகிறோம் என்று பொருள் என அவர்களுக்கும் சொல்லி வைப்போம். வீட்டின் முதல் பட்டதாரிகள் செய்யக்கூடிய முதல் தொண்டு அதுவாக இருக்கட்டும்.

சென்ற மாதம் பருவத்தேர்வு முடிவு வந்தது. நல்ல மதிப்பெண். சித்தப்பாவை அழைத்தேன். "வீட்டுலதானுங்களா இருக்கீங்க?" என்று கேட்டேன். "திண்ணையில உக்காந்திருக்கேன் கண்ணு, சொல்லு" என்றார். அதன் பிறகுதான் சொன்னேன். அவர் மகிழ்ச்சி சிறிதும் குறையவில்லை.