பத்து வார்த்தை வேண்டாம், ஒன்று போதும்!

தினமும் பத்து இங்கிலீஷ் வார்த்தைகளை அர்த்தத்தோடு பிள்ளைகள் மனப்பாடம் செய்கிறார்கள். ராத்திரி ஒப்பித்தது காலையில் மறந்து போகிறது. அர்த்தம் மட்டும் தெரிந்தால் போதுமா? உபயோகிக்கத் தெரிய வேண்டாமா?

எங்க ஊர் பூட்டையே எடுத்துக்கொள்ளுங்களேன். 'லாக்' என்றால் பூட்டு. பூட்டுவதும் 'லாக்'தான், தமிழைப் போலவே. போலீஸ் ஸ்டேஷனில் 'லாக்கப்', மில் கதவடைப்பு 'லாக்அவுட்', 2020-ல் ஊரையே அடைத்தது 'லாக்டவுன்'.

தினம் ஒரு வார்த்தை, அதை வைத்துப் பிள்ளையே சொந்தமாக மூன்று வாக்கியம். டியூஷனுக்குப் பணம் கட்ட முடியாத, என்னைப் போல் தமிழ் மீடியத்தில் படித்த அம்மாக்களும் சமைத்துக்கொண்டே கேட்கலாம். தப்பு வந்தால் வரட்டும். நம்ம சுருட்டை 'செரூட்' என்று திரித்துத்தானே வெள்ளைக்காரன் தன் அகராதியில் சேர்த்தான்? நமக்கு மட்டும் என்ன கூச்சம், சகோதரிகளே?

– ஒரு வாசகி, நாகல் நகர், திண்டுக்கல்.