மனிதர்களால் ஆறு கெட்டதாம்! எந்த மனிதர்?

நடவு வேலையில ரெண்டு வாரமா இந்தப் பக்கம் வரல. இன்னைக்கு உட்கார்ந்து எழுதுறதுக்குக் காரணம் ஒரு கோபம். அதனால கொஞ்சம் சூடாத்தான் இருக்கும், பொறுத்துக்குங்க.

போன மாசம் ஒரு கல்லூரியில இருந்து மூணு பசங்க ஓரிக்கைக்கு வந்தாங்க. ரெண்டு பையன், ஒரு பொண்ணு. நல்ல பிள்ளைங்க. வெயில்ல வரப்பு மேல நடந்து வந்து, செருப்பைக் கழட்டிட்டு, 'ஐயா, உங்ககிட்ட கொஞ்சம் பேசலாமா?'ன்னு கேட்டாங்க. மோர் குடுத்து உட்கார வச்சேன். கையில ஒரு படிவம், பத்துப் பன்னெண்டு பக்கம் இருக்கும். தலைப்பு 'பாலாற்றின் மீது மனிதர்களின் தாக்கம்'.

கேள்வி என்னன்னா: ஏக்கருக்கு எத்தனை மூட்டை யூரியா போடுறீங்க? ஆடு மாடு ஆத்துக்குள்ள மேயுதா? அடுப்புக்கு விறகு எங்க வெட்டுறீங்க? போர் எத்தனை அடி? மோட்டார் எத்தனை குதிரைத்திறன்? வீட்டுல கழிவறை இருக்கா? ஆத்துல துணி துவைக்கிறீங்களா?

கடைசிக் கேள்வியைக் கேட்டதும் என் வீட்டுக்காரி சிரிச்சுட்டா. 'இன்னா பாப்பா, துணி துவைக்க ஆத்துல தண்ணி வேணாமா?'ன்னா. அந்தப் பொண்ணு தலையைக் குனிஞ்சுக்கிச்சு.

எல்லாத்துக்கும் உண்மையைத்தான் சொன்னேன். யூரியா போடுறேன். போர் போட்டிருக்கேன். ஆடு எட்டு இருக்கு, ஆத்துலதான் மேயுது. சொல்லி முடிச்சதும் எனக்கே தோணிச்சு, பாலாத்தைக் கெடுத்த மனுஷன் நான்தான் போல இருக்குன்னு. பத்துப் பக்கத்துல மணல் லாரியைப் பத்தி ஒரு கேள்வி இல்ல. ஒண்ணுகூட இல்ல.

ஆத்தோட கதையைச் சுருக்கமா சொல்லிடறேன், சென்னையில இருந்து படிக்கிறவங்களுக்குத் தெரியணும். பாலாறு கர்நாடகாவுல நந்தி மலைப் பக்கம் பொறந்து, ஆந்திராவுல கொஞ்ச தூரம் ஓடி, வாணியம்பாடி, ஆம்பூர், வேலூர் வழியா எங்க ஊருக்கு வருது. மொத்தம் 348 கிலோமீட்டர். அதுல 222 நம்ம மாநிலத்துல. எங்களுக்குக் கீழ திருமுக்கூடல்ல செய்யாறும் வேகவதியும் வந்து சேரும், அப்புறம் கல்பாக்கம் பக்கத்துல கடல். மேல தண்ணி ஓடுறது வருஷத்துல கொஞ்ச நாள்தான், எங்க தாத்தா காலத்துலயும் அப்படித்தான். ஆனா இது உள்ளுக்குள்ள ஓடுற ஆறு. மணலுக்கு அடியில தண்ணி எப்பவும் இருக்கும்.

நான் பள்ளிக்கூடம் போன காலத்துல, தை அறுப்பு முடிஞ்சதும் ஊர்ல வீட்டுக்கு ஒரு ஆள் மண்வெட்டியோட ஆத்துக்குப் போகணும். ஊத்துக்கால் வெட்டுறது. மணல்ல நீளமா வாய்க்கா எடுத்தா அடியில இருக்கிற தண்ணி தானா ஊறி, மெதுவா ஓடி, கயனிக்கு வந்துடும். மோட்டார் கிடையாது, டீசல் கிடையாது. கோடையில எங்க அப்பா ஊத்துக்கால் தண்ணியில கேழ்வரகு போட்டிருக்கார். மாடு மேய்க்கப் போனா கையால ஒரு முழம் தோண்டுவோம், தண்ணி வந்துடும், முதல்ல கலங்கல், அப்புறம் தெளிவு. அந்தப் பள்ளத்துக்குக் காலையில ஆள்காட்டிக் குருவி வந்து குடிக்கும். அதுவும் மணல்லதான் முட்டை வைக்கும். மிதிச்சிடாம பாத்து நடன்னு அப்பா திட்டுவார்.

இதுக்கெல்லாம் காரணம் மணல். காஞ்சிபுரம் டவுனுக்கு ஓரிக்கையில இருந்தும் திருப்பாற்கடல்ல இருந்தும் குடிதண்ணி போச்சுன்னா அது மணல் வடிகட்டிக் குடுத்த தண்ணி. தாம்பரம், பல்லாவரம் பக்கம் குழாய்ல வந்த பாலாத்துத் தண்ணியும் அதேதான்.

அந்த மணல் எங்க போச்சு? நீங்க இதைப் படிச்சுக்கிட்டு இருக்கிற சுவத்துக்குள்ள இருக்கலாம்.

கோவிச்சுக்காதீங்க, கணக்கு போட்டுத்தான் சொல்றேன். ஒரு யூனிட் மணல்னா நூறு கன அடி. ஆயிரம் சதுர அடி வீட்டுக்கு பதினஞ்சுல இருந்து இருபது யூனிட் வரைக்கும் ஆகும்னு மேஸ்திரிங்க சொல்லுவாங்க. ஆத்து மணல்ல கால் பங்காவது தண்ணி நிக்கிற இடம்னு வச்சுக்குங்க. யூனிட்டுக்கு 700 லிட்டர். பதினஞ்சு யூனிட்டுக்குப் பத்தாயிரம் லிட்டருக்கு மேல. ஒரு வீட்டுக்கு எடுத்த மணல் ஆத்துலயே இருந்திருந்தா, ஆறு வர்ற ஒவ்வொரு வருஷமும் ஒரு லாரித் தண்ணியைப் பிடிச்சு வச்சிருக்கும். இப்ப மே மாசத்துல உங்க தெருவுல வந்து நிக்குதே தண்ணி லாரி, அதையும் எங்க பக்கத்துக் கெணத்துல இருந்துதான் நிரப்பிக்கிட்டு வர்றாங்க. மணலையும் குடுத்தோம், தண்ணியையும் குடுக்கிறோம், ஆராய்ச்சிக்குப் பதிலும் குடுக்கிறோம்.

நான் ஒண்ணும் யோக்கியன் இல்ல. 1999, 2000 வாக்குல லாரி ஆத்துக்குள்ள இறங்க வழி கேட்டாங்க. என் கயனி ஓரமா விட்டா சுருக்கு வழி. லோடுக்கு இவ்வளவுன்னு காசு. அந்த வருஷம் அக்கா பொண்ணு கல்யாணம், தாய்மாமன் சீர் செய்யணும், கையில காசு இல்ல. விட்டேன். ரெண்டு வருஷம் விட்டேன். ராத்திரி பூரா லாரி போகும், வீட்டு ஓடு அதிரும். எங்க அப்பா திண்ணையில உட்கார்ந்து எண்ணிக்கிட்டே இருப்பார். என்னைத் திட்டவே இல்ல. காலையில 'நாப்பத்தி ரெண்டு'ன்னு மட்டும் சொல்லுவார். அந்தப் படிவத்துல இதுக்கு ஒரு கேள்வி இருந்திருந்தா இதையும் சொல்லியிருப்பேன். கேட்கல.

2003 அக்டோபர்ல இருந்து ஆத்து மணல் அள்ளுறதை அரசே எடுத்துக்கிட்டது. விதி மாறிச்சு, லாரி மாறல. 2012ல உச்ச நீதிமன்றம் தீபக் குமார் வழக்குல, சின்ன குவாரியா இருந்தாலும் சுற்றுச்சூழல் அனுமதி வாங்கணும்னு சொல்லிச்சு. அதுக்குள்ள எங்க பக்கம் எத்தனையோ இடத்துல மணல் முடிஞ்சு களிமண் தெரிய ஆரம்பிச்சாச்சு. களிமண்ணுல ஊத்துக்கால் எப்படி வெட்டுறது? அப்பா காலத்துல இருபது அடிக் கெணறு. அதை நாப்பது ஆக்கினேன். அப்புறம் கெணத்துக்குள்ளயே போர். இப்ப இருநூறு அடி. இதைத்தான் அந்தப் படிவத்துல 'நிலத்தடி நீரை அதிகமாக உறிஞ்சுதல்'னு எழுதிக்கிட்டுப் போனாங்க.

2021 நவம்பர்ல பாலாத்துல பெரிய வெள்ளம் வந்தது ஞாபகம் இருக்கும். கரைகொள்ளாம போச்சு. பாலத்து மேல நின்னு ஊரே செல்போன்ல படம் எடுத்துச்சு, நானும் எடுத்தேன். ஆனா ஏரிக்குத் தண்ணி எடுக்கிற கால்வாய் கதை வேற. ஆத்தோட தரை இறங்கிட்டா கால்வாயோட வாய் மேலயே நின்னுடும். சாதாரண வெள்ளத்துக்குத் தண்ணி ஏறாது. பழைய காலத்து ஆளுங்க ஆத்து மட்டத்தைப் பாத்து வெட்டின கால்வாய் அது. பெருவெள்ளம் வந்தாத்தான் உள்ள நுழையும், மத்த வருஷத்துல நேரா கடலுக்கு.

உடனே ஒருத்தர் ஆந்திராக்காரன் அணை கட்டிட்டான்னு சொல்லுவார். கட்டினதுதான். 1892ல சென்னை மாகாணமும் மைசூரும் போட்ட ஒப்பந்தத்தை மீறி தடுப்பணை வரிசையா வந்திருக்கு. 2016ல புல்லூர் தடுப்பணையை அஞ்சு அடியில இருந்து பன்னெண்டு அடியா உயர்த்தினாங்க. அதுக்கு வழக்கு போடணும், போட்டும் இருக்கு. ஆனா ஓரிக்கையில மணல் அள்ளினது ஆந்திரா லாரி இல்லைங்க. வர்ற தண்ணியைத் தடுத்தது ஒருத்தன், வந்த தண்ணியைத் தங்க விடாம பண்ணினது நாம. முதல் ஆளைத் திட்டுறது சுலபம், அவன் வேற பாஷை பேசுறான்.

'மனிதர்கள்'னு பொதுவா எழுதாம பேரைச் சொல்ல முடியாதான்னா, முடியும். சொல்லியும் இருக்காங்க. வேலூர்ப் பக்கம் தோல் பதனிடுற கழிவு பாலாத்துல கலந்து கெணறு கெட்டுப் போனப்போ, குடிமக்கள் நலமன்றத்துக்காரங்க 1991ல உச்ச நீதிமன்றம் போனாங்க. வேளாண் பல்கலைக்கழகத்தோட வேலூர் ஆராய்ச்சி மையம் அளந்து, கிட்டத்தட்ட 35,000 ஹெக்டேர் நிலம் பாதியாவோ முழுசாவோ பயிருக்கு லாயக்கில்லாம போச்சுன்னு சொல்லிச்சு. 1996 ஆகஸ்டுல நீதிபதி குல்தீப் சிங் அமர்வு, கெடுத்தவனே காசு கட்டணும்னு தீர்ப்பு எழுதிச்சு. அந்த ஆராய்ச்சியில 'மனிதர்களின் தாக்கம்'னு பொத்தாம்பொதுவா எழுதியிருந்தா யார்கிட்ட காசு கேட்கிறது? தோல் தொழிற்சாலைன்னு இருந்ததால கேட்க முடிஞ்சுது. அதுக்கும் 2025 ஜனவரியில உச்ச நீதிமன்றம் மறுபடி ஒரு தீர்ப்பு எழுத வேண்டியிருந்தது. மனு போட்டு 34 வருஷம். பேர் சொன்ன கேஸுக்கே இந்தக் கதி.

அடையாறுல இருக்கிற எம்.ஐ.டி.எஸ். பேராசிரியர் ஜனகராஜன் பாலாத்துப் படுகையில வருஷக்கணக்கா வேலை செஞ்சவர். நிலத்தடித் தண்ணி யார் கைக்குப் போகுது, போட்டி போட்டு ஆழப்படுத்த முடியாத ஏழை என்ன ஆகுறான்னு கேட்டவர். ஆராய்ச்சின்னாலே எனக்கு ஆகாதுன்னு நினைச்சுக்காதீங்க. யாருன்னு கேட்காத ஆராய்ச்சிதான் ஆகாது.

என் பையன் போன்ல ஒரு செய்தி காட்டினான். மனுஷன் பூமியையே மாத்திட்டதால இந்தக் காலத்துக்கு 'மனித யுகம்'னு பேர் வைக்கலாமான்னு உலகத்துப் புவியியல் அறிஞர்கள் வருஷக்கணக்கா பேசி, 2024ல ஓட்டுப் போட்டு வேணாம்னுட்டாங்களாம். அவங்க காரணம் வேற, கல்லு, மண்ணு அடுக்கு, அது எனக்குப் புரியாது. ஆனா நல்ல வேளைன்னு நினைச்சேன். உலகம் முழுக்க வருஷத்துக்கு 5,000 கோடி டன் மணலும் ஜல்லியும் எடுக்கிறாங்கன்னு ஐ.நா. சுற்றுச்சூழல் அமைப்பு சொல்லுது. அதுல நாங்க கட்டின மாட்டுக் கொட்டாய் எவ்வளவு, பழைய மகாபலிபுரம் ரோட்டுல நிக்கிற கண்ணாடிக் கட்டடம் எவ்வளவு? ரெண்டுக்கும் ஒரே பேரா?

காட்டுலயும் இதே கதைதான். செய்யாறு பொறக்கிறது ஜவ்வாது மலையில. அங்க சந்தனக்கட்டை யார் வீட்டுக்குப் போச்சுன்னு ஊருக்கே தெரியும். ஆனா காட்டு அழிவுன்னு பேச்சு வந்தா சுள்ளி பொறுக்கினவளும் ஆடு மேய்ச்சவனும்தான் முதல்ல வருவாங்க. டவுனுக்குள்ள வேகவதியையே பாருங்க. சாக்கடையும் சாயத்தண்ணியும் ஓடுற ஆறு. பட்டுப் புடவை கட்டினவங்க யாரும் அதுக்குப் பதில் சொல்லல. கரையில குடிசை போட்டவனைத்தான் ஆக்கிரமிப்புன்னு சொல்லி கீழ்க்கதிர்ப்பூர் அடுக்குமாடிக்கு அனுப்புற வேலை நடந்துச்சு. ஆத்து எல்லைக்குள்ள வீடு இருக்கக் கூடாதுதான், ஒத்துக்கிறேன். ஆனா அவன் போனதும் தண்ணி வெள்ளையாயிடுச்சா?

இன்னொண்ணும் இருக்கு. தாக்கம்னாலே கெடுதல்னு யார் சொன்னது? உத்திரமேரூர் தாண்டிப் போனா வேடந்தாங்கல். வெள்ளைக்கார சிப்பாய்ங்க பறவையைச் சுட்டப்போ, ஊர்க்காரங்க செங்கல்பட்டு கலெக்டர் லயோனல் பிளேஸ்கிட்ட போய் நின்னு, யாரும் சுடக் கூடாதுன்னு எழுதி வாங்கினாங்க. 1798ல. பறவை எச்சம் கலந்த ஏரித்தண்ணி பயிருக்கு உரம்னு அவங்களுக்குத் தெரியும். அங்க நாரை கூடு கட்டுதுன்னா அதுவும் மனுஷன் பண்ணின தாக்கம்தானே? 2020ல அதே சரணாலயத்தோட அஞ்சு கிலோமீட்டர் எல்லையை மூணா சுருக்கலாம்னு ஒரு யோசனை வந்தது, எதிர்ப்பு கிளம்பித்தான் நின்னுச்சு. அந்த யோசனை எந்தக் குடியானவன்கிட்ட இருந்தும் வரல.

மணல் போன எங்க ஆத்துல இப்ப வேலிகாத்தான் காடு. அதுக்குள்ள காட்டுப்பன்றி குடியிருக்கு, ராத்திரி வந்து வேர்க்கடலையைக் கிளறிட்டுப் போகுது. மயில் வந்து நெல்லைத் தின்னுது. இதையும் பசங்ககிட்ட சொன்னேன். 'மனித விலங்கு மோதல்'னு எழுதிக்கிட்டாங்க. பன்றிக்கும் எனக்கும்தான் சண்டையாம்.

கிளம்பும்போது அந்தப் பொண்ணுகிட்ட கேட்டேன், 'ஏம்மா, இதை எழுதி முடிச்சா எங்களுக்கு ஒரு காப்பி வருமா?' 'இங்கிலீஷ்ல இருக்கும் ஐயா'ன்னுச்சு. இதுக்கு முன்னாடி வந்தவங்களும் அதையேதான் சொன்னாங்க. என் கெணத்துத் தண்ணியைப் பாட்டில்ல பிடிச்சுக்கிட்டுப் போய் எத்தனை வருஷமாச்சு. அதுல என்ன இருந்துச்சுன்னு இன்னைக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது. அதைத்தான் குடிக்கிறோம்.

நேத்து அந்தப் பொண்ணு போன் பண்ணிச்சு. மணலைப் பத்தி ஒரு கேள்வி சேர்க்கலாமான்னு அதோட பேராசிரியர்கிட்ட கேட்டிருக்கு. அதுக்கு வேற தலைப்பு வேணும்னு சொல்லிட்டாராம். 'அப்ப நானே தனியா கேட்கிறேன் ஐயா, எங்க ஆரம்பிக்கிறது?'ன்னு கேட்டுச்சு. இங்க படிக்கிறவங்ககிட்ட ஆரம்பிக்கலாம்னு சொல்லியிருக்கேன். 1990க்கு அப்புறம் சென்னையில வீடு கட்டினவங்க, ஃபிளாட் வாங்கினவங்க, எந்த வருஷம், எத்தனை சதுர அடி, மணல் எந்த ஆத்துலேர்ந்து வந்துச்சுன்னு பில்டரையோ மேஸ்திரியையோ கேட்டு கீழ எழுதுங்க. ஊர் பேர் போதும், உங்க பேர் வேணாம். என் பக்கத்துக் கணக்கை நான் முதல்ல எழுதிடறேன்: ரெண்டு வருஷம், அப்பா எண்ணின ராத்திரிங்க, சராசரியா நாப்பது லோடு.