பாட்டுக்கு வெட்டுப்புள்ளியா?

பாட்டுக்குப் புள்ளி போடும் பழக்கம் இன்று நம்மிடையே தொற்றுநோய்போலப் பரவியிருக்கிறது. அட்டன் நகரத்துத் தேநீர்க் கடையிலும், தலவாக்கலை பஸ்ஸின் பின்னிருக்கையிலும், கொழும்புக்கு வேலைக்குப் போன பையன்கள் தீபாவளிக்குத் திரும்பிவந்து கூடும் லயத்து இஸ்தோப்பிலும் இதே பேச்சுத்தான். இளையராஜாவின் படங்களில் இசையால் முதலாவது எது? ‘ஜானி’யா, ‘மௌன ராக’மா, ‘நாயக’னா? ‘தளபதி’க்குப் பத்துக்கு ஒன்பதா, ஒன்பதரையா? சற்று ஆங்கிலம் அறிந்த மாணவர்களோ பீட்டில்ஸ், பிங்க் ஃபுளோய்ட் ஆகிய குழுக்களின் இசைத்தட்டுகளை வரிசையாக நிறுத்தி, கீழேயிருந்து மேலாக ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டு போகிறார்கள். வாதம் முற்றுகிறது, சில வேளை நட்பும் முறிகிறது. இவ்வளவுக்கும் நடுவே அந்தப் பாட்டில் என்ன இருக்கிறது என்று ஒருவர்கூட வாய் திறப்பதில்லை.

“பிள்ளைகள் பொழுதுபோக்காகப் பேசுவதற்கெல்லாம் ஒரு கட்டுரையா?” என்று ஆசிரிய நண்பர்கள் சிலர் நகைக்கக்கூடும். நகைக்கட்டும். ஆனால், பேசுகிற பிள்ளை யார் என்பதைச் சிறிது எண்ணிப் பார்க்கவேண்டும். பத்து வயதில் புலமைப்பரிசில் பரீட்சையின் வெட்டுப்புள்ளி அவனை ஒரு தட்டில் வைத்துப் பார்த்தது. பத்தொன்பதாம் வயதில் இசட் புள்ளி பார்க்கிறது. அவனுடைய தாய் மலையிலிருந்து இறக்கிய கொழுந்து நிறுவையில் குறைந்தால் அன்று அவளுக்கு அரைப்பேர். ஒரு பெண்ணின் பெயரையே பாதியாக அறுத்துக் கணக்கில் எழுதும் உலகத்திலே பிறந்து வளர்ந்தவன், தனக்குச் சொந்தமான ஒரே ஒரு மணி நேரத்திலும் தராசைத்தான் கையில் எடுக்கிறான். இதைக் கண்டு நாம் வருந்தாமல் வேறு யார் வருந்துவது?

இந்த வழக்கம் முழுவதையும் மேல்நாட்டான் கப்பலில் கொண்டுவந்து இறக்கினான் என்று பழி போட்டுத் தப்பிவிடவும் இயலாது. அமெரிக்கப் பத்திரிகையான ‘பில்போர்ட்’ 1940ஆம் ஆண்டிலேயே இசைத்தட்டு விற்பனைப் பட்டியலைத் தொடங்கிவிட்டது உண்மை. ஆனால் தென்னாசியாவின் வீடுகளுக்குள் பாட்டின் வரிசை எண்ணைக் கொண்டுபோய்ச் சேர்த்தது எது தெரியுமா? நமது கொழும்பு வானொலிதான்! 1952ஆம் ஆண்டில் இந்தியாவின் தகவல் ஒலிபரப்பு அமைச்சர் பி. வி. கேஸ்கர், திரைப்பாட்டு தரக்குறைவானதென்று கருதி அகில இந்திய வானொலியின் வாசலை அதற்கு அடைத்தார். அடைபட்ட வெள்ளம் இலங்கை வானொலியின் பக்கம் திரும்பிற்று. அந்த ஆண்டின் இறுதியிலே அமீன் சயானியின் குரலில் ‘பினாக்கா கீத்மாலா’ தொடங்கியது. இசைத்தட்டுக் கடைகளின் விற்பனையையும் நேயர் மன்றங்களின் வாக்கையும் கூட்டிக் கழித்து, இந்த வாரம் இந்தப் பாட்டு இத்தனையாம் படியில் நிற்கிறது என்று அறிவித்தார்கள். இந்தியத் துணைக்கண்டம் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தது. பினாக்கா என்பது ஒரு பற்பசையின் பெயர். பாட்டுகள் படியேறின, இறங்கின, பற்பசை விற்றது.

கேஸ்கருக்காக நாம் பரிந்து பேச வரவில்லை. மக்கள் விரும்பிய பாட்டை மேட்டிமைக் குணத்தோடு ஒதுக்கிய அமைச்சருக்கு மக்கள் கொழும்பு அலைவரிசையால் பதில் கொடுத்தார்கள், நல்ல பதில்தான். ஆயினும் பண்டிதரின் கோலைப் பிடுங்கிய கை அதை வணிகரிடம் கொடுத்துவிட்டதே, அதையும் சேர்த்துச் சொல்லவேண்டுமல்லவா? (இதே இலங்கை வானொலியின் தமிழ்ச் சேவையில் பி. எச். அப்துல் ஹமீது நடத்திப் புகழ்பெற்ற ‘பாட்டுக்குப் பாட்டு’ நிகழ்ச்சியும் போட்டிதான். ஆனால் அங்கே பரிசு பாட்டை நெஞ்சிலே வைத்திருந்தவனுக்குக் கிடைத்தது. போட்டிகளிலும் வேறுபாடு உண்டு.)

இனி, படித்தவர்கள் மேற்கோள் காட்டும் பட்டியலுக்கு வருவோம். அமெரிக்காவின் ‘ரோலிங் ஸ்டோன்’ சஞ்சிகை 2003ஆம் ஆண்டில் எக்காலத்துக்கும் சிறந்த 500 இசைத்தட்டுகளை வரிசைப்படுத்தியது. முதலிடம், பீட்டில்ஸ் 1967இல் வெளியிட்ட ‘சார்ஜன்ட் பெப்பர்ஸ்’. முதற் பத்துக்குள் நான்கு இடங்கள் அந்த ஒரே குழுவுக்கு. பதினேழு ஆண்டுகள் கழித்து, 2020இல், வாக்களிப்பவர்களை மாற்றி அதே சஞ்சிகை மீண்டும் கணக்கெடுத்தது. முன்பு ஆறாம் இடத்தில் நின்ற மார்வின் கேயின் 1971ஆம் ஆண்டு இசைத்தட்டு முதலிடத்துக்கு வந்தது. ‘சார்ஜன்ட் பெப்பர்ஸ்’ இருபத்துநாலாம் இடத்துக்கு இறங்கிற்று. அந்தப் பதினேழு ஆண்டுகளில் இசைத்தட்டிலே ஒரு சுரமாவது மாறியதா? ஒரு சொல்லாவது கூடிற்றா? மாறியவர்கள் நடுவர்கள். அப்படியானால் அந்த எண் இசைத்தட்டின் எண்ணா, நடுவர்களின் எண்ணா?

முற்போக்கு நண்பர்கள் இங்கே நம்மை மடக்குவார்கள். “வெள்ளையர் கூட்டத்தின் ஏகபோகம் உடைந்து ஒரு கறுப்பினக் கலைஞன் முதலிடம் பெற்றது நீதியல்லவா?” என்பார்கள். நடுவர் மேடையில் யார் அமர்கிறார்கள் என்பது அரசியல் கேள்விதான். அந்த மேடை விரிவடைந்ததை நாமும் வரவேற்கிறோம். ஆனால் மார்வின் கே அந்த இசைத்தட்டில் பாடியது என்ன? வியட்நாம் போரிலிருந்து திரும்பும் சகோதரனின் கண்களால் தன் நகரத்தைப் பார்த்தான். ஆர்ப்பாட்டக்காரர் மேல் விழும் அடியையும், வேலையற்றோரின் வயிற்றையும், நஞ்சேறும் காற்றையும் பாடினான். “முதலிடம்” என்ற ஒற்றைச் சொல்லைக் கேட்டுத் தலையாட்டிவிட்டுப் போகிறவனுக்கு இவற்றில் எது போய்ச் சேர்ந்தது? ஆறாம் இடத்தில் நின்றபோது அவன் கேட்காத பாட்டை, முதலாம் இடத்தில் நிற்கும்போது மட்டும் கேட்டுவிடப் போகிறானா?

நம்மவரின் கதை இன்னும் சுவையானது. பி.பி.சி. உலக சேவை 2002ஆம் ஆண்டில் தன் எழுபதாவது ஆண்டு நிறைவையொட்டி உலக மக்களிடம் வாக்குக் கேட்டு, உலகின் முதற் பத்துப் பாடல்களை அறிவித்தது. முதலிடம் ஓர் அயர்லாந்துக் குழுவின் நாட்டுரிமைப் பாட்டு. நான்காம் இடம் ‘தளபதி’யின் ‘ராக்கம்மா கையைத் தட்டு’. ரொக் இசை உலகமே தலையில் வைத்துக் கொண்டாடும் குவீன் குழுவின் ‘போஹீமியன் ராப்சடி’ பத்தாம் இடத்தில், நம் ராக்கம்மாவுக்கு ஆறு படி கீழே! தமிழர்கள் இன்றுவரை இதைச் சொல்லிப் பூரிக்கிறார்கள். நல்லது. அதே பட்டியலில் ஐந்தாம் இடத்திலும் ஒரு தமிழ்ப் பாட்டு உண்டு: திருமலைச் சந்திரனின் ‘பூவும் நடக்குது பிஞ்சும் நடக்குது’. இடம்பெயர்ந்து நடக்கும் மக்களைப் பற்றிய பாட்டு. நான்காம் இடத்தைப் பற்றி மார்தட்டும் இரசிகர்களில் எத்தனை பேர் ஐந்தாம் இடத்துப் பாட்டைத் தேடிக் கேட்டிருக்கிறார்கள்? ஒரே படி கீழே இருந்த துயரம் அவர்கள் காதில் விழவில்லை. பட்டியலைப் பார்த்தவன் தன் கட்சி வென்றதை மட்டுமே பார்த்தான்.

அந்தப் பத்தும் உலகின் தலைசிறந்த பத்துத்தானா என்று வாதிடுவதே வீண். வாக்குத் திரட்டத் தெரிந்த கூட்டங்கள் திரட்டின. தேர்தலுக்கு அது பொருந்தும்; பாட்டுக்கு?

சரி, “அப்படியானால் நல்லது கெட்டது என்ற பேச்சே கூடாதா? எல்லாப் பாட்டும் ஒன்றுதானா?” என்று ஒரு கேள்வி எழும். இது நியாயமான கேள்வி. விடையை வேறெங்கும் தேடவேண்டாம். நம் தோட்டத்துத் தொழிற்சாலைக்குள் நுழைந்து பார்த்தால் போதும்.

கொழுந்து வாட்டப்படுகிறது, உருட்டப்படுகிறது, புளிக்க வைக்கப்படுகிறது, உலர்த்தப்படுகிறது. கடைசியில் சல்லடை. சல்லடையின் கண் பெரிதாயின் ஒரு பெயர், சிறிதாயின் வேறொரு பெயர்: ஓ.பி., பி.ஓ.பி., பி.ஓ.பி.எப்., டஸ்ட். இவை தரத்தின் படிகள் என்று வெளியார் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். உண்மையில் இவை இலைத்துகளின் பருமனைச் சொல்லும் பெயர்கள். சல்லடைக்கு நாக்கு கிடையாது. சுவையைச் சொல்கிறவர் வேறொருவர். அவர் வெள்ளைக் கிண்ணங்களை வரிசையாக வைத்து, ஒவ்வொன்றாக உறிஞ்சி, வாயில் சுழற்றித் துப்பிவிட்டு, நிறம் எப்படி, துவர்ப்பு எப்படி, மணம் எங்கே குறைந்தது, உலர்த்தியதில் பிழையா, புளிக்க வைத்ததில் பிழையா என்று சொல்லுகிறார். அவருடைய தீர்ப்புக்குக் காரணம் உண்டு. அந்தக் காரணத்தைக் கேட்டுத் தொழிற்சாலைக்காரர் அடுத்த நாள் தம் வேலையைத் திருத்திக்கொள்ளவும் முடியும். இன்னொன்றும் அவருக்குத் தெரியும். டிம்புல பகுதியின் அதே செடி, வரண்ட காற்று வீசும் ஜனவரி தொடக்கம் மார்ச் வரை கொடுக்கும் தேநீர் வேறு, மழைமாதத்தில் கொடுப்பது வேறு. ஒரு தோட்டத்துக்கு ஒருமுறை எண் போட்டுவிட்டு அவர் கையைக் கழுவிவிடுவதில்லை.

விமர்சனம் என்று நாம் சொல்வது இந்தக் கிண்ணத்து வேலையை. கைலாசபதியும் சிவத்தம்பியும் நமக்குக் கற்பித்த விமர்சனம் நூல்களுக்கு வெட்டுப்புள்ளி நிர்ணயிக்கும் பரீட்சைத் திணைக்களமாக இருந்ததில்லை. ஒரு படைப்பு எந்த மண்ணில் முளைத்தது, யாருக்காகப் பேசிற்று, எவ்வாறு பேசிற்று, எங்கே தடுமாறிற்று என்று அவர்கள் கேட்டார்கள். அந்தத் தீர்ப்புகளோடு மாறுபடலாம், மோதலாம். மோதுவதற்குப் பிடி இருந்தது. “பத்துக்கு ஒன்பதரை” என்பதோடு எவன் மோத முடியும்? “எனக்கு எட்டுத்தான்” என்று சொல்லலாம், அவ்வளவே. வாதம் என்ற பெயரில் இரண்டு எண்கள் ஒன்றையொன்று முறைத்துக்கொண்டு நிற்கின்றன.

புதிதாகக் கேட்க வருகிறவனுக்குப் பட்டியல் வழிகாட்டும் என்பார்கள். ஆயிரம் படங்களைத் தாண்டிய இளையராஜாவின் இசைக்குள் ஒரு சிறுவன் எந்த வாசலால் நுழைவான்? உண்மைதான், வழி கேட்கிறவனுக்கு நாலு பெயர் சொல்லத்தான் வேண்டும். அண்ணன் தம்பிக்குச் சொல்வதுபோலச் சொல்லட்டும்: “முதலில் இதைக் கேள், வயலின்கள் எங்கே நுழைகின்றன என்று பார்.” அப்படிச் சொன்னவனிடம் நமக்குச் சண்டையில்லை.

இளையராஜாவின் பெயரைச் சொல்லிச் சண்டையிடும் மலையக இளைஞருக்கு நாம் ஒரு செய்தியை நினைவூட்டுகிறோம். 1958இல் கேரளத்தின் தேவிகுளம் தொகுதியில் இடைத்தேர்தல் நடந்தது. ரோசம்மா புன்னூஸ் கம்யூனிஸ்ட் வேட்பாளர், வென்றவரும் அவரே. அந்த மலையில் வாக்காளர்களிற் பெருந்தொகையினர் நம்மைப் போன்ற தேயிலைத் தோட்டத் தமிழ்த் தொழிலாளர்கள். அவர்கள் நடுவே பாடிப் பிரசாரம் செய்தவர் பாவலர் வரதராஜன். அண்ணனோடு மலையேறிய பதின்ம வயதுச் சிறுவன்தான் பின்னாளைய இளையராஜா. கொழுந்துக் கூடைக்காரர்கள் அந்தச் சிறுவனுக்கு முதற் சபைகளில் ஒன்றாக இருந்தார்கள். அவர்கள் பத்துக்கு எத்தனை போட்டார்கள்? ‘ஜானி’யா ‘நாயக’னா என்று அடித்துக்கொள்ளும் நம் பையன்களுக்கு இந்தக் கதை தெரியாது, எந்தப் பட்டியலிலும் இதற்கு ஓர் இடம் ஒதுக்கப்படவில்லை.

நமது மலைகளிலேயும் பாடினார்கள். கோ. நடேசய்யரின் துணைவியார் மீனாட்சியம்மை தோட்டந்தோட்டமாகக் கூட்டங்களில் தாமே பாட்டெழுதிப் பாடினார். ‘இந்தியர்களது இலங்கை வாழ்க்கையின் நிலைமை’ என்ற அவருடைய சிறு பாட்டு நூல் 1940இல் வெளிவந்தது. கங்காணியையும் துரையையும் பற்றிக் கொழுந்து மலையில் வாய்வழி வந்த பாட்டுகளைச் சி. வி. வேலுப்பிள்ளை தேடித் திரட்டினார். மாசி மாதத்தில் காமன் கூத்தும், மற்றைய காலங்களில் பொன்னர் சங்கர் கூத்தும் தப்பின் ஒலியோடு விடிய விடிய நடந்தன. இவற்றில் எதற்கு யார் எத்தனை புள்ளி போட்டார்கள்? பட்டியல், இசைத்தட்டில் பதிவானதை மட்டுமே கண்டுகொள்ளும். விற்றதை இன்னும் நன்றாகக் கண்டுகொள்ளும். பதிவாகாத குரல் அதன் கணக்கில் பிறக்கவேயில்லை. வரிசைக்காரர்கள் மேல் நமக்குள்ள கோபத்தின் வேர் இங்கேதான் இருக்கிறது. இன்று பாட்டின் கீழே ஓடும் பார்வை எண்ணிக்கையைக் கண்டு மயங்கும் மாணவன், தன் லயத்தின் அடுத்த காம்பிராவில் தாலாட்டும் ஒப்பாரியும் அறிந்த மூதாட்டி ஒருத்தி இருமிக்கொண்டு படுத்திருப்பதைக் காண்பதில்லை. அவளுடைய பார்வை எண்ணிக்கை பூச்சியம் அல்லவா?

ஆகவே ஆசிரிய நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த தவணையில் தமிழ்ப் பாடவேளையிலோ இலக்கிய மன்றக் கூட்டத்திலோ மாணவர்களிடம் அவர்கள் விரும்பும் ஒரு பாட்டைக் கொண்டுவரச் சொல்லுங்கள். சினிமாப் பாட்டாகவும் இருக்கலாம், ரொக் பாட்டாகவும் இருக்கலாம். எண் சொல்லக்கூடாது, ஏன் பிடித்தது என்று ஒரு பக்கம் எழுதவேண்டும் என்று நிபந்தனை போடுங்கள். முதல் வாரத்தில் “சூப்பர்” என்ற சொல்லுக்கு மேல் ஒன்றும் வராது. பொறுத்துக்கொள்ளுங்கள். இரண்டாம் பாட்டை அவரவர் பாட்டியிடமிருந்து எழுதிக்கொண்டு வரச் சொல்லுங்கள். கைத்தொலைபேசி இல்லாத பிள்ளை நம் வகுப்புகளில் இன்று அரிது. அதிலே அந்தக் குரலையும் பதிவு செய்துகொண்டு வரட்டும். வருகிற மாசியில் காமன் கூத்து நடக்கும் தோட்டத்துக்கு ஐந்தாறு மாணவர்கள் போகட்டும். தப்படிப்பவரிடம் அடிகளின் பெயரைக் கேட்டு எழுதிக்கொள்ளட்டும். எழுதிய தாள்களை நமக்கு அனுப்பிவைத்தால், பிழைகளைத் திருத்தி, பாடியவர் சம்மதித்தால் அவர் பெயரோடும் தோட்டத்தின் பெயரோடும் இந்த ஏட்டில் அச்சிடச் சொல்லி ஆசிரியரிடம் கேட்போம். வரிசை எண் போடமாட்டோம். தாள்கள் வந்து சேர்ந்த ஒழுங்கில்தான் அச்சாகும்.