கிதார் பெடலும் ஒன்பது வோல்ட் பாட்டரியும்

நமது கல்லூரிச் சங்கீத கோஷ்டியாருக்குள் நெடுநாளாய் நடந்துவரும் ஒரு வழக்கைக் குறித்து நமது அபிப்பிராயத்தை ஈண்டு வெளியிடுகின்றோம். கிதாரின் நாதத்தை மாற்றும் பெடல்களுக்கு விலையுயர்ந்த ஆல்கலைன் பாட்டரியே ஏற்றதென்பது ஒரு கட்சி. மலிவான துத்தநாக-கார்பன் பாட்டரியிலேதான் இனிமை உண்டென்பது மறு கட்சி. பெடல் எவ்வளவு மின்னோட்டத்தை உண்கின்றதென்று இரு கட்சியாருமே கேட்டாரில்லை.

1966-ஆம் ஆண்டு லண்டன் நகரில் ஆர்பிட்டர் கம்பெனியார் வெளியிட்ட 'ஃபஸ் ஃபேஸ்' என்னும் பெடலில் இருப்பன இரண்டே டிரான்சிஸ்டர்கள். அஃது உண்பது ஏறக்குறைய 1 மில்லி ஆம்பியர். மலிவுப் பாட்டரியின் உள் மின்தடை 30 ஓம் என்று கொண்டாலும், அதனால் குறைவது 0.03 வோல்ட் மாத்திரமே. இதனை எச்செவி அறியும்? ஆனால் எதிரொலி தரும் டிஜிட்டல் பெடல் 100 மில்லி ஆம்பியர் கேட்குமாயின், அதே பாட்டரியில் 3 வோல்ட் குறைந்து ஒன்பது ஆறாகிவிடும். இத்தகைய பெடலுக்கு ஆல்கலைனும் சில மணி நேரமே தாங்குமாதலால், அடாப்டரே தக்கது.

அங்ஙனமாயின் மலிவுப் பாட்டரியில் நாதம் மென்மையாய்க் கேட்பதேன்? அதன் வோல்ட் உபயோகத்தில் விரைந்து இறங்குவதே காரணம். எட்டுக்குக் கீழ் வந்ததும் டிரான்சிஸ்டரின் நிலை பெயர்ந்து ஓசை குழைகின்றது. இது பாட்டரியின் வயதால் வந்த குணமேயன்றி ஜாதியால் வந்ததன்று. பாட்டரிகளை வகை பார்த்துத் தெரிந்தெடுப்பவரென்று அமெரிக்க வித்துவான் எரிக் ஜான்சன் பேர்பெற்றவர். அவர் செவியைக் குறைகூற நாம் துணியோம். நமது மாணவர் பணப்பையோ வேறு.

தூத்துக்குடியில் இவ்விஷயத்துக்கு வேறொரு முகமும் உண்டு. உப்பளக் காற்றும் கடற்காற்றும் பாட்டரிக் கொக்கியில் களிம்பு ஏற்றுகின்றன. அக்களிம்பும் ஒரு மின்தடையே. ஆகஸ்டு 5-ஆம் நாள் பனிமய மாதா பெருவிழா நெருங்குகையில், ஓசை குன்றிற்றென்று புதுப் பாட்டரிக்கு ஓடும் பாடகர் குழு இளைஞர், முதலில் கொக்கியை உப்புத்தாளால் தேய்த்துப் பார்ப்பாராக. அன்றியும், பழைய ஃபஸ் பெடல்களின் ஜெர்மானியம் டிரான்சிஸ்டரில் வெப்பம் ஏறக்குறைய 10 பாகை உயருந்தோறும் மின்கசிவு இரட்டிக்கும். சித்திரை வெயிலில், தகரப் பந்தலின்கீழ், அப்பெடல் பிசிறடிப்பது பாட்டரியின் குற்றமன்று; நிழலில் வைத்தால் தானே தேறும்.

பாட்டரியைத் தனியே அளப்பதும் வீண். பெடல் ஓடுகையிலேயே மல்டிமீட்டரால் அளக்க வேண்டும். வெறுமனே 9 காட்டும் கிழப் பாட்டரி வேலை வந்ததும் 7-க்கு இறங்குவதை அப்பொழுதே காணலாம். பெரும்பாலான பெடல்களில் கிதார்க் கம்பி செருகும் துளையே ஸ்விட்ச் ஆதலின், கம்பியைப் பிடுங்காது உறங்கினால், 8 மில்லி ஆம்பியர் உண்ணும் பெடல் பத்து மணி நேரத்தில் 80 மில்லி ஆம்பியர்-மணியை விழுங்கிவிடும். நல்ல பாட்டரியின் மொத்தக் கொள்ளளவே ஏறக்குறைய 500 தான்.

அடாப்டர் வாங்குவோர் ஒன்று கவனிக்க. பழைய ஜெர்மானியம் பெடல்கள் பலவற்றில் நேர்முனையே தரையோடு இணைந்திருக்கும். அவற்றை மற்றப் பெடல்களோடு ஒரே அடாப்டரில் பூட்டினால் குறுக்குச் சுற்று நேரும். அவற்றுக்கு மாத்திரம் தனிப் பாட்டரி, அதுவும் மலிவானதே, போதும்.