ஒரே பேராலயம், முப்பது படம்



தேவாலயப் படத்தை ஒரு முஸ்லிம் ஆசிரியர் ஏன் படிப்பிக்கிறார் என்று ஊரில் ஒரு கதை அடிபடுகிறது. கேட்டவர்கள் கோபமாகக் கேட்கவில்லை. ஆகவே பதிலை இங்கேயே எழுதுகிறேன்.

படம் குளோட் மொனே வரைந்தது. 1892இலும் 1893இலும் பிரான்சின் ரூவான் நகரப் பேராலயத்துக்கு எதிரே அறை எடுத்திருந்து, அதன் முகப்பைத் திரும்பத் திரும்ப வரைந்தார். காலையில் நீலம், வெயிலில் பொன்நிறம், மப்பு நாளில் சாம்பல். வெளிச்சம் மாறியதும் அந்தப் படத்தை வைத்துவிட்டு அடுத்ததை எடுப்பார். இப்படி முப்பதுக்கும் மேல். 1895இல் பாரிஸில் இருபதை ஒன்றாகக் காட்சிக்கு வைத்தார்.

கும்பிடுகிற கூட்டம் அதில் இல்லை. பல படங்களில் கோபுர உச்சிகூட வெட்டுப்பட்டிருக்கும். அதனால் இது வெறும் வெளிச்சம், கோயிலுக்கு இதில் வேலையில்லை என்பார்கள். எனக்கு அது பாதிதான் சரி. ஒரு நேரத்தில் பார்த்ததை வைத்து "எனக்குத் தெரியும்" என்று சொல்லாதே என்பதுதான் நான் அதில் வாசிப்பது. எங்கள் முத்துமாரி அம்மன் கோயிலை இந்திரவிழா இரவில் மட்டும் பார்த்தவர், ஒரு வெறும் மத்தியானத்தில் வந்தால் வேறு ஊர் என்று நினைப்பார்.

மனிதரை மட்டும் ஒரே நேரத்து வெளிச்சத்தில் பார்த்து முடிவு கட்டிவிடுகிறோம். 2019 ஏப்ரல் 21இல் தேவாலயங்களில் குண்டு வெடித்த பிறகு, ஒவ்வொரு முஸ்லிமையும் அந்த ஒரு காலையை வைத்தே பார்த்தவர்கள் இருந்தார்கள். 1990 ஒக்டோபரில் யாழ்ப்பாணத்திலிருந்து விரட்டப்பட்டதை வைத்தே எல்லாத் தமிழரையும் பார்க்கிற முஸ்லிம்களும் எங்களில் இருக்கிறார்கள். இரண்டும் நடந்தவை, மறைக்கச் சொல்லவில்லை. மொனேயும் சாம்பல் படத்தை ஒளிக்கவில்லை. பொன்நிறப் படத்துக்குப் பக்கத்தில் மாட்டினார்.

என் மார்க்கம் தடுக்காதா என்றும் கேட்கிறார்கள். குர்ஆனின் 22ஆவது அத்தியாயம் 40ஆவது வசனம், மடங்களையும் தேவாலயங்களையும் யூத ஆலயங்களையும் பள்ளிவாசல்களையும் ஒரே வரிசையில் வைத்து, அவை இடிபடாமல் காக்கப்படுவதைப் பேசுகிறது. வரைந்த தேவாலயத்தைப் பார்க்க நான் ஏன் அஞ்ச வேண்டும்?

பெற்றோரிடம் ஒரு வேண்டுகோள். தங்கள் சமயமல்லாத ஒரு வணக்கத்தலத்தைக் காலை, மதியம், மாலை என மூன்று நேரம் பார்த்து வரையும்படி பிள்ளைகளிடம் சொல்லப் போகிறேன். மறிக்காதீர்கள். முடிந்தால் நீங்களும் கூடப் போங்கள்.