டோசிங் பம்பு ஓடுகிறது, உரம் இறங்கவில்லையே?

ஓசூர் பக்கம் பசுமைக்குடிலில் குடைமிளகாய் பயிரிட்டிருக்கும் வாசகர் ஒருவரின் கேள்வி இது. சொட்டுநீரில் உரம் செலுத்தும் டோசிங் பம்பு எப்போதும்போல் சத்தத்தோடு ஓடுகிறது. ஆனால் தொட்டியில் கரைசல் முன்போல் குறைவதில்லை. தொட்டியின் அடியில் வெள்ளையாகப் படிகிறது. சில நாட்களாகக் காய்களின் நுனி கறுத்து அழுகுகிறது. வேலை மிச்சமாகும் என்று கால்சியம் நைட்ரேட், மோனோ அம்மோனியம் பாஸ்பேட், மெக்னீசியம் சல்பேட் மூன்றையும் ஒரே தொட்டியில் கரைக்கிறார். பம்பையே மாற்றச் சொல்கிறார் மெக்கானிக். மாற்ற வேண்டுமா?

பதில்: அவசரப்பட்டு மாற்ற வேண்டாம். கோளாறு பம்பில் தொடங்கவில்லை, தொட்டியில் தொடங்கியிருக்கிறது.

கால்சியம் உரத்துடன் பாஸ்பேட் சேர்ந்தால் கால்சியம் பாஸ்பேட்டாகவும், சல்பேட் சேர்ந்தால் ஜிப்சமாகவும் படியும். அடியில் தெரியும் வெள்ளைப் படிவு காசு கொடுத்து வாங்கிய உரம்தான். அது செடிக்குப் போகாது. குடைமிளகாயில் நுனி அழுகலுக்குக் கால்சியம் பற்றாக்குறை முக்கியக் காரணம். நீர்ப்பாசனம் சீராக இல்லாவிட்டாலும் இது வரும் என்பதால் அதையும் கவனிக்க வேண்டும்.

இந்த வகைப் பம்பில் டயாபிரம் பின்னே போகும்போது கீழ் வால்வின் குண்டு எழும்பிக் கரைசல் உள்ளே வரும். முன்னே வரும்போது கீழ்க் குண்டு அடைத்து, மேல் குண்டு திறந்து கரைசல் குழாய்க்குப் போகும். குண்டுக்கும் அதன் இருக்கைக்கும் நடுவில் சிறு படிவு மாட்டினால்கூடக் கரைசல் மேலும் கீழுமாக அசையுமே தவிர, முன்னேறாது. மோட்டார் சத்தம் மாறாது. அதனால் சத்தத்தை நம்பாமல் அளந்து பார்க்க வேண்டும்.

அளக்கும் முறை: உறிஞ்சு குழாயை அளவு கோடு போட்ட பாத்திரத்தில் விட்டு, சொட்டுநீர் ஓடும்போதே பம்பை ஓட்டவும். மணிக்கு 30 லிட்டர் என்று வைத்திருந்தால் 2 நிமிடத்தில் 1 லிட்டர் குறைய வேண்டும். அரை லிட்டர்தான் குறைந்தால் பயிருக்குப் பாதி உரமே போகிறது. மாதம் ஒருமுறை இப்படி அளந்து குறித்து வைப்பது நல்லது.

குறைவாக இறங்கினால் கீழ்க்கண்ட வரிசையில் பார்க்கவும்.

1. உறிஞ்சு குழாய்: குமிழிகள் ஓடினால் எங்கோ காற்று நுழைகிறது. குழாய் முனை வெடித்திருந்தால் அந்தத் துண்டை வெட்டிவிட்டு மீண்டும் இறுக்கவும். வடிகட்டியைக் கழுவி, தொட்டி அடியிலிருந்து நான்கு விரற்கடை மேலே தொங்கவிடவும்.

2. ஏர் லாக்: தொட்டி காலியான பிறகும் பம்பு ஓடியிருந்தால் தலைப்பகுதியில் காற்று அடைத்திருக்கும். காற்று வெளியேற்றும் திருகைத் திறந்து, கரைசல் சீராக வந்ததும் மூடவும்.

3. வால்வுகள்: மின்சாரத்தை நிறுத்தி, குழாய் அழுத்தத்தை வெளியேற்றி, கையுறையும் கண்ணாடியும் அணிந்து கழற்றவும். சுண்ணாம்பு, பாஸ்பேட் படிவுகள் வினிகரில் ஊறவைத்தால் இளகும். ஜிப்சம் அவ்வளவு எளிதில் கரையாது, மென்மையான பிரஷ்ஷால் தேய்க்க வேண்டும். அம்புக்குறி பார்த்து மாட்டவும். தலைகீழாக மாட்டினால் பம்பு உறிஞ்சாது.

4. டயாபிரம்: பம்புத் தலைக்குப் பின்னாலுள்ள கசிவுத் துளையில் கரைசல் வடிந்தால் டயாபிரம் கிழிந்திருக்கும். அதை மட்டும் மாற்றினால் போதும். திருகுகளை எதிரெதிராகச் சமமாக இறுக்கவும்.

5. எதிர் அழுத்தம்: இணைப்பு இடத்தில் குழாய் அழுத்தம் பம்பின் தகட்டில் எழுதிய அளவைத் தாண்டினாலும் உரம் இறங்காது. பின்னாலுள்ள திரை வடிகட்டி அடைத்திருக்கிறதா என்று பார்க்கவும்.

இத்தனையும் சரிசெய்து, அளந்த பிறகும் குறைவாகவே இறங்கினால் அப்போது பம்பை மாற்றுவது பற்றி யோசிக்கலாம். அதற்கு முன் மாற்றினால், அதே கரைசலில் புதுப் பம்பும் அடைத்துக்கொள்ளும்.

இனி கால்சியம் நைட்ரேட்டுக்குத் தனித் தொட்டி வைக்கவும். ஒரு தொட்டிதான் என்றால் ஒரு நாள் கால்சியம், மறுமுறை மற்றவை என்று மாற்றிக் கொடுக்கவும். ஒவ்வொரு முறையும் உரம் முடிந்ததும் 10 நிமிடம் நல்ல தண்ணீரை அதே பம்பு வழியாக ஓட்டவும்.

கேள்வியில் வராத ஒன்றையும் சொல்ல வேண்டியிருக்கிறது. போர்வெல் மோட்டார் மும்முனை மின்சாரத்திலும் டோசிங் பம்பு ஒருமுனையிலும் ஓடும் இடங்களில், மும்முனை நின்ற பிறகும் டோசிங் பம்பு ஓடிக்கொண்டே இருக்கும். அப்போது உரக் கரைசல் பின்னோக்கிக் கிணற்றுக்குள் இறங்கலாம். அதே கிணற்றில்தான் பல வீடுகளில் குடிக்கவும் எடுக்கிறார்கள். குடிநீரில் நைட்ரேட் லிட்டருக்கு 45 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்கிறது இந்திய தர நிர்ணயம். தாண்டினால் கைக்குழந்தைகளுக்கு உயிராபத்து உண்டு. உரம் சேரும் இடத்துக்கு முன்னால் திரும்பாத் தடை வால்வு கட்டாயம் இருக்க வேண்டும். போர்வெல் மோட்டார் நின்றால் டோசிங் பம்பும் நிற்கும்படி எலக்ட்ரீஷியனிடம் சொல்லி ஸ்டார்ட்டரோடு இணைத்துக்கொள்ளவும். காய் அழுகலைப் பார்ப்பதற்கு முன்பே இந்த வேலையை முடித்துவிட வேண்டும்.