அரண்மனைச் செவிலித்தாய்

"கவர்னெஸ்" என்ற சொல்லைக் கேட்டதும், தனவந்தர் வீட்டுக் குழந்தைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்துச் சம்பளம் பெறும் ஏழைப் பெண்மணி ஒருத்தியே நம் மனக்கண் முன் தோன்றுவாள். பழைய பிரெஞ்சு ராஜ சபையிலோ அப்பெயர் பூண்டவர்கள் வேறு ஜாதி. "பிரான்ஸ் தேசத்துக் குழந்தைகளின் கவர்னெஸ்" என்பது அவர்களுடைய பட்டம். பெரும் பிரபு குலத்து மாதருக்கே அது கிட்டும். அரச குமாரர்கள் ஏழு வயது வரையில் இவர்கள் வசம் வளர்வார்கள். அதன் பின் ஆண்களின் வசம் ஒப்புவிக்கப்படுவார்கள்.

இது வெறும் ஆடம்பரப் பதவி என்று நாம் எண்ணிவிடலாகாது. 1712-ஆம் ஆண்டில் வெர்ஸேய் அரண்மனையில் அம்மை நோய் புகுந்தது. பதினான்காம் லூயி மன்னரின் பேரனும் அவர் மனைவியும் ஆறு நாள் இடைவெளியில் மாண்டனர். அவர்களுடைய இரு ஆண் குழந்தைகளுக்கும் நோய் கண்டது. ஐந்து வயது மூத்தவனுக்கு, அக்கால வழக்கப்படி, வைத்தியர்கள் நரம்பைக் கீறி இரத்தம் வாங்கினார்கள். அவன் பிழைக்கவில்லை. எஞ்சியவன் இரண்டே வயதுக் குழந்தை.

அப்பொழுது கவர்னெஸாக இருந்த வாந்தடூர் சீமாட்டி ஒரு காரியம் செய்தார். குழந்தையைத் தம் பாதுகாப்பில் வைத்துக்கொண்டு, இரத்தம் வாங்க வைத்தியர்களை அனுமதிக்க மறுத்துவிட்டார். குழந்தை இறந்திருந்தால் பழி முழுவதும் அவர் தலையில் விழுந்திருக்கும். குழந்தை பிழைத்தது, 1715-இல் பதினைந்தாம் லூயி என்று அரியணை ஏறியது. அவரை அவன் "அம்மா" என்றே அழைத்தான். 1717-இல் ஏழு வயது நிரம்பி ஆண்களிடம் ஒப்புவிக்கப்பட்ட நாளில், அவரை விட்டுப் பிரிய மனமின்றி அழுதான் அந்தச் சிறு மன்னன்.

பின்னர் இப்பதவி அவருடைய உறவினரிடமே வழிவழியாக இருந்தது. 1782-இல் கெமனே சீமாட்டி, கணவர் பெருங்கடனில் மூழ்கி முறிந்ததால் பதவி துறந்தார். அடுத்து வந்த பொலிஞாக் சீமாட்டி ராணியின் உயிர்த் தோழி. 1789-இல் புரட்சி மூண்டதும், மன்னர் தம்பதிகளே வற்புறுத்த, தேசத்தை விட்டு வெளியேறினார்.

ஆபத்து நிறைந்த அந்தப் பதவியை ஏற்றவர் தூர்ஸெல் சீமாட்டி. 1791 ஜூன் மாதம் அரச குடும்பம் இரவில் பாரிஸை விட்டுத் தப்ப முயன்றபோது, தூர்ஸெல் ருஷிய நாட்டுச் சீமாட்டியாக வேஷம் பூண்டார். மன்னர் அவருடைய வேலைக்காரர்; இளவரசன் பெண் குழந்தை; ராணி மரீ அந்துவானெத், அக்குழந்தைகளின் கவர்னெஸ்! வாரேன் என்ற ஊரில் யாவரும் பிடிபட்டனர். 1792-இல் குடும்பத்தாருடன் சிறை புகுந்த தூர்ஸெலைச் சில நாளில் வேறு சிறைக்குக் கொண்டு போய்விட்டார்கள். அவர் உயிர் தப்பி 1832 வரையில் வாழ்ந்தார். அவர் வளர்த்த இளவரசனோ 1795-இல், பத்து வயதில், சிறையிலேயே மடிந்தான்.

குடிகளின் பசியைக் காணாத அந்த முடியாட்சி வீழ்ந்ததற்காக நாம் வருந்த வேண்டியதில்லை. ஆனால் பிறர் பெற்ற குழந்தைக்காகத் துணிந்து நின்ற இவ்விரு மாதரை நாம் மறத்தல் தகாது. பட்டத்தை அரசன் கொடுக்கலாம். தாயுள்ளத்தைக் கொடுக்க எந்த அரசனால் முடியும்?